இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன் சிங்கப்பூருக்காக ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும்?

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வேலைக்குப் போய், சிங்கப்பூரில் பிஆர் எனப்படும் நிரந்தரவாசம் வாங்கிய குடும்பங்களில், மகனுக்குப் பதினாறரை வயது ஆகும்போது தற்காப்பு அமைச்சிடமிருந்து அறிவிப்பு வரும். தேசிய சேவை என்று அங்கே சொல்லும் கட்டாயப் படைச்சேவைக்குப் பதிவு செய்யச் சொல்லும் அறிவிப்பு அது. உடனே வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். அவன் இந்தியக் குடிமகன்தானே? அப்பாவுக்கு இல்லாத கடமை மகனுக்கு மட்டும் எப்படி வந்தது?

இரண்டும் நியாயமான கேள்விகள். நாட்டுக்காகப் போரிடுவது குடிமகனின் கடமையா என்ற பொதுவான விவாதத்தில் வழக்கமாக விட்டுப்போகும் இடமும் இதுதான். சிங்கப்பூரில் இந்தக் கடமை குடியுரிமையின் பின்னால் போவதில்லை. குடிமக்களில் பாதிப் பேரான பெண்கள்மேல் அது விழவில்லை. குடிமக்களே அல்லாத, கடல் தாண்டிப் பிறந்த பையன்கள்மேல் விழுகிறது. அது எந்தக் கணக்கில் என்று பார்ப்போம்.

கடமை வேறு, கட்டாயம் வேறு

முதலில் இந்தியாவின் நிலை. அரசமைப்பின் 51அ பிரிவில் அடிப்படைக் கடமைகள் உள்ளன. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாக வந்தவை. அவற்றில் ஒன்று, நாட்டைக் காப்பதும், அழைக்கப்படும்போது நாட்டுக்குச் சேவை செய்வதும். எழுத்தில் இவ்வளவு தெளிவாகக் கடமை இருக்கிறது. ஆனால் அதைச் செய்யாதவனைத் தண்டிக்க ஒரு சட்டமும் இல்லை. அடிப்படைக் கடமைகள் தாமாகவே நீதிமன்றத்தில் அமலாகக்கூடியவை அல்ல. நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டால்தான் பல் முளைக்கும். அப்படிப் போட வழியும் இருக்கிறது. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொதுநோக்கத்துக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசுக்கு இடம் விடுகிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்து ஆளைப் பிரிக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. 1962, 1965, 1971 என்று மூன்று போர்கள் வந்தும் இந்தியா அந்த வாசலைத் திறக்கவில்லை. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தைக் கட்டாய ராணுவச் சேவை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது விரும்பி விண்ணப்பிப்பவர்களை நான்கு ஆண்டுகளுக்கு எடுக்கும் திட்டம். போகாதவனை யாரும் தேடி வரப்போவதில்லை.

சிங்கப்பூரில் இது தலைகீழ். அந்த அரசமைப்பில் அடிப்படைக் கடமைகள் என்ற பகுதியே கிடையாது. இருப்பது ஒரு விதிவிலக்குதான்: 10-ஆவது பிரிவு எல்லா வகைக் கட்டாய உழைப்பையும் தடைசெய்துவிட்டு, தேசிய நோக்கங்களுக்காக நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் கட்டாயச் சேவை விதிக்கலாம் என்கிறது. அந்த ஒற்றை வரியின்மேல் நிற்பதுதான் 1970-ஆம் ஆண்டின் ஆள்சேர்ப்புச் சட்டம்.

ஆக, கடமை என்று எழுதிவைத்த நாட்டில் கட்டாயம் இல்லை. கட்டாயம் இருக்கும் நாட்டின் அரசமைப்பு அதைக் கடமை என்று சொல்லவே இல்லை.

1967: சட்டம் வந்த சூழல்

பிரிட்டிஷ் படை வெளியேறுவதாக அறிவித்ததால்தான் சிங்கப்பூர் கட்டாயச் சேவையைக் கொண்டுவந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்தால் அது பொருந்தாது. கட்டாயத்தைத் தொடங்கிவைத்த தேசிய சேவைத் திருத்தச் சட்டம் 1967 மார்ச்சில் நிறைவேறியது; மேலே சொன்ன 1970-இன் சட்டம் அதற்குப் பின் வந்தது. 1971-க்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக லண்டன் அறிவித்தது 1968 ஜனவரியில். அந்த அறிவிப்பு அவசரத்தைக் கூட்டியது, அவ்வளவே.

உண்மையான காரணம் எளிய கணக்கு. 1965 ஆகஸ்டில் தனிநாடானபோது கையில் இருந்தவை இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள். மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. முழுநேரச் சம்பளத்தில் பெரிய படை வைத்தால் தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் இருக்காது, கஜானாவும் தாங்காது. கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப அழைக்கும் இஸ்ரேலிய முறை இதற்குப் பொருந்தியது. பயிற்சி கொடுக்கவும் இஸ்ரேலியர்களே வந்தார்கள். அப்போது தற்காப்பைக் கவனித்த அமைச்சர் கோ கெங் சுவீ இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். பல இனத்துப் பிள்ளைகளை ஒரே கொட்டடியில் போட்டால்தான் ஒரு நாட்டார் என்ற உணர்வு சீக்கிரம் வரும் என்பது அவர் எண்ணம்.

அதற்கு முன்பே ஒரு முறை முயன்று கையைச் சுட்டுக்கொண்ட கதையும் உண்டு. 1954-இல் பிரிட்டிஷ் அரசு இதே போன்ற ஆணையைக் கொண்டுவந்தபோது சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். மே 13-ஆம் தேதி போலீசுடன் மோதல் நடந்தது. தங்களுக்கு ஓட்டுரிமைகூட ஒழுங்காகத் தராத காலனி ஆட்சிக்காக ஏன் சாக வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து, சொந்த நாடாளுமன்றம் அதே சுமையை வைத்தபோது நிலைமை வேறாக இருந்தது. 1967-இல் பதிவு செய்யச் சொன்னது சுமார் 9,000 பேரை. முழுநேரப் படைக்கு எடுத்தது சுமார் 900 பேரை. மற்றவர்கள் பகுதிநேரப் படைகளுக்குப் போனார்கள்.

யார் மாட்டுகிறார்கள், யார் தப்புகிறார்கள்

சட்டத்தின் வரையறை பரந்தது. சிங்கப்பூர்க் குடியுரிமை அல்லது நிரந்தரவாசம் இருந்து, பதினாறரை வயது முடிந்திருந்தால் போதும். ஆண்கள் மட்டும் என்பதும், சில நிரந்தரவாசிகள் மட்டும் என்பதும் அரசு நடைமுறையில் போட்ட கோடுகள்.

1. ஆண் குடிமக்கள் (அடுத்து வரும் விதிவிலக்குத் தவிர) எல்லாரும் உள்ளே. இரட்டைக் குடியுரிமையோடு பிறந்தவர்களும் இதில் அடக்கம்.
2. முதல் தலைமுறை நிரந்தரவாசி, அதாவது தன் வேலைத் தகுதியைக் காட்டி முதன்மை விண்ணப்பதாரராக பிஆர் வாங்கியவர், வெளியே. பின்னாளில் குடியுரிமை எடுத்த நடுவயதுக்காரரும் நடைமுறையில் சேவை செய்வதில்லை.
3. பெற்றோர் வழியாக பிஆர் பெற்ற மகன் உள்ளே. அவன் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது கணக்கில் வராது.
4. பெண்கள் வெளியே. விருப்பம் உள்ள பெண்களும் முதல் தலைமுறையினரும் சேர 2014 முதல் ஒரு தொண்டர் படைப்பிரிவு உண்டு.
5. பெற்றோரின் வேலை அனுமதியை ஒட்டிக் கிடைக்கும் சார்ந்தோர் அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ இருக்கும் வெளிநாட்டுப் பையன் வெளியே.

இரண்டும் மூன்றும்தான் வீட்டில் சண்டை மூட்டும் வகைகள். அப்பா 35 வயதில் வந்தவர்; அவரை இனிப் படைக்குப் பயிற்றுவிப்பதில் பயன் குறைவு, அவர் திறமைக்காகத்தான் உள்ளே விட்டார்கள். மகன் சிங்கப்பூர்ப் பள்ளியில், மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணத்தில் படித்து வளர்கிறான். எனவே அமைதியின் பலனை அனுபவித்தவன் அதன் செலவில் பங்கு தர வேண்டும் என்பது அரசின் வாதம். வாதம் ஓட்டையில்லாதது அல்ல. அப்பாவும் அதே அமைதியில்தான் சம்பாதித்தார். இளமை, உடல், எதிர்காலத்தில் அங்கேயே தங்கப்போவதன் வாய்ப்பு மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் சுமையை வைத்திருக்கிறார்கள். நீதியைவிட வசதி தெரிகிறது அதில்.

தொடக்க ஆண்டுகளில் இன்னொரு கோடும் இருந்தது. மலாய் இளைஞர்கள் பெரும்பாலும் சேவைக்கு அழைக்கப்படவே இல்லை. படிப்படியாகத்தான் அது மாறியது. சேவை முடிக்காதவனுக்கு அன்று வேலை கிடைப்பதே கடினம் என்பதால், கடமையிலிருந்து விலக்கி வைப்பதும் ஒரு தண்டனைதான் என்று அந்தச் சமூகம் கண்டது.

பதினாறரையிலிருந்து நாற்பது வரை

பதிவுக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை. அதன் முடிவில் கிடைக்கும் தகுதிநிலையைப் பொறுத்தே சண்டைப் பிரிவா, அலுவலகமா, வாகனப் பட்டறையா என்பது தீர்மானமாகும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு போன்றவற்றை அந்த அறையில் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. பையனுக்கு வெட்கம், பெற்றோருக்கு மறதி, விளைவு வெயிலில் 16 கிலோமீட்டர் நடக்கும்போது தெரியும். ஏ நிலை எனப்படும் பள்ளியிறுதித் தேர்வோ பாலிடெக்னிக் பட்டயமோ முடியும்வரை சேவையைத் தள்ளிவைக்கலாம், அதற்கும் வயது வரம்பு உண்டு. பல்கலைக்கழகப் படிப்புக்காகத் தள்ளிவைக்க இடமில்லை. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்குக் கிடைத்தது போன்ற விலக்கு மிக அரிது. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

முழுநேரச் சேவை 24 மாதம். 2004 வரை கார்ப்பரலும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 30 மாதமாக இருந்தது. சேருவதற்கு முன்பே உடல்தகுதித் தேர்வில் தேவையான மதிப்பெண் எடுத்தால் 2 மாதம் குறையும். புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்று மூன்றுதான். 100 மதிப்பெண்ணில் ஓட்டத்துக்கு மட்டும் 50. எனவே கையை முறுக்கேற்றுவதைவிட ஓடிப் பழகுவதுதான் லாபம்.

சேரும் நாளில் பெற்றோரும் அடிப்படைப் பயிற்சி நடக்கும் புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகில் கூடவே போகலாம். படுக்கும் அறையைப் பார்க்கிறார்கள், சாப்பாட்டுக் கூடத்தில் மகனோடு சாப்பிடுகிறார்கள், அவன் விசுவாச உறுதிமொழி எடுப்பதை நின்று பார்க்கிறார்கள். அவர்கள் படகேறித் திரும்பியதும் மெஷின் தலைமேல் ஓடுகிறது. ஐந்து நிமிடத்தில் எல்லாத் தலையும் ஒரே தலை. அடுத்து அணிவகுப்பு. கட்டளைகள் மலாய் மொழியில்: ‘செடியா’ என்றால் விறைப்பு, ‘செனாங் டிரி’ என்றால் தளர்வு. மயிலாப்பூரில் பிறந்த பையனும் தோ பாயோவில் பிறந்த சீனப் பையனும் ஒரே மலாய்ச் சொல்லுக்கு ஒரே நேரத்தில் காலைத் தரையில் அடிக்கிறார்கள். கோ கெங் சுவீ எதிர்பார்த்தது இதைத்தான்.

இரண்டு ஆண்டு முடிந்தால் முடிந்தது என்று நினைப்பது வெளியூர்க்காரர்களின் தவறு. அதன்பின் ரிசர்விஸ்ட் என்று எல்லாரும் சொல்லும் போர்க்காலப் படைப் பயிற்சி தொடங்குகிறது. வழக்கமாகப் பத்துச் சுற்று; ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள்; அதிகாரி அல்லாதவருக்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வரை. முதலாளி விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும். சம்பள இழப்பை அரசு ஈடுகட்டுகிறது.

குடும்பங்கள் எங்கே சறுக்குகின்றன

1. வெளியேறும் அனுமதி. பிள்ளைக்கு 13 வயது ஆனது முதல், 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதானால் இந்த அனுமதி வேண்டும். ‘அவன் இந்தியாவில் பாட்டி வீட்டில்தானே படிக்கிறான்’ என்று விட்டுவிடுவதுதான் சிக்கலின் தொடக்கம். சொந்த ஊரே ஆனாலும் சட்டத்துக்கு அது வெளிநாடு.

2. பிணைத்தொகை. பதினாறரை வயதுக்குள் இருப்பவர் 2 ஆண்டோ அதற்கு மேலோ வெளியே தங்குவதானால் பொதுவாகப் பிணை கேட்பார்கள். பதினாறரை தாண்டினால் 3 மாதத்துக்கே கேட்பார்கள். தொகை 75,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அல்லது பெற்றோர் இருவரின் முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. இருவரும் சேர்ந்து 1,20,000 வெள்ளி சம்பாதித்தால் பாதி 60,000. எனவே கட்ட வேண்டியது 75,000. 1,80,000 சம்பாதித்தால் 90,000. பையன் திரும்பாவிட்டால் பணம் போகும். பணம் போனதால் குற்றம் தீராது. பலர் குழம்புவது இங்கேதான்.

3. பதினேழு வயதில் பிஆரைத் துறப்பது. சட்டப்படி முடியும். ஆனால் சேவை செய்யாமல் போனவர் பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது கடுமையாகப் பாதிக்கும் என்று அரசு வெளிப்படையாகச் சொல்கிறது. வெளிநாடு போய்த் திரும்ப பிஆர்களுக்குத் தேவைப்படும் மறுநுழைவு அனுமதியைப் பெற்றோருக்குப் புதுப்பிப்பதிலும் கை வைக்கலாம்.

4. குடியுரிமை உள்ள மகன். 21 வயதுக்கு முன் துறக்க முடியாது. அதன்பிறகும், சேவை பாக்கி இருந்தால் துறப்பை ஏற்காமல் நிறுத்திவைக்க அரசமைப்பின் 128-ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. மிகச் சிறு வயதிலேயே நாட்டை விட்டுப் போய், குடிமகனுக்குரிய சலுகைகளை அனுபவிக்காதவர்களைத்தான் சேவை இல்லாமல் விடுகிறார்கள்.

இதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டிய நாள், பிஆர் விண்ணப்பத்தில் மகன் பெயரைச் சேர்க்கும் நாள். சேர்க்காமல் விட்டால் தேசிய சேவை இல்லை. பள்ளிக் கட்டணம் பல மடங்கு, தங்கும் உரிமை அப்பாவின் வேலையோடு கட்டப்பட்டது. சேர்த்தால் இரண்டும் மாறும். அவனுக்கு அப்போது ஆறேழு வயதுதான் இருக்கும், அவனைக் கேட்டு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. சம்மதம் கொடுத்ததால் கடமை வந்தது என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது.

வராதவனுக்கு நீதிமன்றம் போடும் கணக்கு

பியானோ கலைஞர் மெல்வின் டானின் வழக்குதான் திருப்புமுனை. 12 வயதில் இங்கிலாந்துக்கு இசை படிக்கப் போனவர், சேவைக்குத் திரும்பவில்லை. பெற்றோர் கட்டிய 30,000 வெள்ளிப் பிணை பறிபோனது. 2005-இல் திரும்பி வந்தபோது 3,000 வெள்ளி அபராதத்தோடு முடிந்தது. இரண்டு ஆண்டைக் கொடுத்த ஆண்கள் கொதித்துப் போனார்கள்: ஒரு மாதச் சம்பளத்துக்கு இரண்டு வருஷமா? அடுத்த ஆண்டே அதிகபட்ச அபராதம் 5,000-லிருந்து 10,000 வெள்ளியாக உயர்ந்தது. சிறை அதிகபட்சம் 3 ஆண்டு. நீண்ட காலம் ஏய்த்தவர்களுக்குச் சிறையே கேட்கப்படும் என்றும் அரசு அறிவித்தது.

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு ஏய்த்த காலத்தை வைத்து அளவுகோல் ஒன்றை வகுத்தது:

1. 2 முதல் 6 ஆண்டு: 2 முதல் 4 மாதம் சிறை.
2. 7 முதல் 10 ஆண்டு: 5 முதல் 8 மாதம்.
3. 11 முதல் 16 ஆண்டு: 14 முதல் 22 மாதம்.
4. 17 ஆண்டும் அதற்கு மேலும்: 24 முதல் 36 மாதம்.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குள் இருக்கும் தாவலைக் கவனிக்க வேண்டும். 18-இல் வர வேண்டியவன் 11 ஆண்டு கழித்து வந்தால் முப்பதைத் தொடுகிறான். சண்டைக்கு உகந்த உடல் போய்விட்டது. ரிசர்விஸ்ட் சுற்றுகளுக்கும் காலம் மிஞ்சவில்லை. திரும்பி வந்தபின் சேவையில் நன்றாக உழைத்தான் என்பதைத் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாக ஏற்க முடியாது என்றும் அமர்வு சொன்னது. வேறெந்தக் குற்றத்திலும் நன்னடத்தைக்கு இருக்கும் மதிப்பு இங்கே ஏன் இல்லை? நன்றாகச் செய்வது எல்லாரிடமும் எதிர்பார்க்கப்படுவது. அதற்காக ஏய்த்தவனுக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்தால், நேரத்துக்கு வந்தவன் ஏமாளியாவான். படை எத்தனை பெரியது என்பதைவிட எல்லாரும் சமமாகச் சுமக்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் இந்த முறையைத் தாங்குகிறது என்று நீதிமன்றத்துக்குத் தெரியும்.

அரசு பதிலுக்கு என்ன தருகிறது

சேவைக் காலத்தில் மாதாந்தரப் படி, காயம் பட்டால் மருத்துவம், இறந்தால் இழப்பீடு. ஆனால் வழக்குப் போடும் உரிமை இல்லை. அரசு நடவடிக்கைகள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, கடமையின்போது நேர்ந்தது என்று சான்றளிக்கப்பட்ட சாவுக்கோ காயத்துக்கோ ஆயுதப் படையின் கவனக்குறைவைக் காட்டி இழப்பீட்டு வழக்குத் தொடர முடியாமல் தடுக்கிறது. 2012-இல் ஒரு பயிற்சியில், விதிப்படி இரண்டுக்கு மேல் வீசக்கூடாத புகைக்குண்டுகளை ஓர் அதிகாரி ஆறு வீசினார். ஒரு தேசிய சேவையாளர் மூச்சுத் திணறி இறந்தார். குடும்பம் தொடுத்த வழக்கை 2016-இல் உயர் நீதிமன்றம் இதே பிரிவைக் காட்டித் தள்ளியது. வழக்குக்குப் பயந்தால் தளபதி யதார்த்தமான பயிற்சி கொடுக்க மாட்டான் என்பது இந்தப் பிரிவுக்குச் சொல்லப்படும் நியாயம். சம்பளத்துக்கு விரும்பிச் சேர்ந்தவனிடம் அந்த நியாயத்தைச் சொல்லலாம். சட்டம் போட்டு இழுத்து வந்தவனின் தாயிடம் சொல்வது கடினம். குற்ற வழக்குக்கு இந்தத் தடை இல்லை; 2018-இல் துவாஸ் வியூ தீயணைப்பு நிலையத்தில், தேசிய சேவையைத் தீயணைப்புப் படையில் செய்து அது முடியும் தறுவாயில் இருந்த இளைஞர் ஒருவர் கேலியாகத் தள்ளப்பட்டு நீர்க்கிணற்றில் மூழ்கி இறந்ததில் அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள்.

ஆயுதம் தொட மாட்டேன் என்பவன்

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் அமைப்பை 1972-இல் சிங்கப்பூர் அரசு பதிவு நீக்கியது. அவர்கள் சேவையை மறுத்தது முதன்மைக் காரணம். அரசமைப்பின் 15-ஆவது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறதே என்றால், சேவை மதத்துக்கு அப்பாற்பட்ட பொதுக்கடமை என்பது பதில். மாற்றுச் சேவை கிடையாது. மறுப்பவனுக்கு ராணுவத் தடுப்பு முகாமில் வழக்கமாக முதலில் 15 மாதம். வெளியே வந்து சீருடை அணிய மறுத்தால் இன்னும் 24 மாதம். கூட்டினால் 39, சேவை செய்திருந்தால் 24.

தென் கொரியா இதே வழியில்தான் பல ஆயிரம் பேரைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வட கொரியா எல்லையில் நிற்கும்போதே, 2018 ஜூன் 28 அன்று அதன் அரசமைப்பு நீதிமன்றம் மாற்றுச் சேவை இல்லாத சட்டம் அரசமைப்புக்குப் பொருந்தாது என்றது. 2020 முதல் மறுப்பவர்கள் சிறைச்சாலைகளில் சமையல், துப்புரவு போன்ற பணிகளில் 36 மாதம் வேலை செய்கிறார்கள். தரைப்படைச் சேவையின் 18 மாதத்தைப்போல் இருமடங்கு. சோம்பலால் மறுப்பவன் அந்தக் கணக்குக்கு வர மாட்டான். சிங்கப்பூர் இந்த வழியைத் தொடவில்லை. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்பது அதன் பதில். முதல் தலைமுறை நிரந்தரவாசி என்ற விலக்கை லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே அந்தப் பதிலைச் சொல்கிறது.